இரண்டு ‘ன’ எதற்கு?

நாகர்கோவில்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள கயல்,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. சொல்வதெழுதலில் ‘செந்நீர்’ என்று எழுத வேண்டியதை ‘சென்னீர்’ என்று எழுதி ஒரு மதிப்பெண் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். “டீச்சர் சொல்லும்போது இரண்டும் ஒரே மாதிரிதானே அத்தை கேட்குது, அப்புறம் எதுக்கு ரெண்டு எழுத்து?” என்றும் கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி, மக்களே. உன் காது பொய் சொல்லவில்லை. ஆனால் காது தொலைத்ததை உன் நாக்கு இன்னும் வைத்திருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு காரியம் செய். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று நீட்டு. நீட்டிக்கொண்டே மூக்கை இரண்டு விரலால் பிடி. சத்தம் சட்டென்று நின்றுவிடும். ‘ஆ’ என்று நீட்டும்போது பிடித்துப் பார், ஒன்றும் ஆகாது. வாயின் மேற்கூரையை நாக்கால் முன்னிருந்து பின்னாகத் தடவிக்கொண்டே போ. முதலில் கெட்டியாக இருக்கும், பிறகு மெத்தென்று ஆகும். அந்த மெத்தென்ற பகுதிதான் மெல்லண்ணம். அதன் நுனியில்தான் உள்நாக்கு தொங்குகிறது. மெல்லண்ணம் ஒரு திரை. மேலே ஏறினால் மூக்குக்குப் போகும் வழி அடைபடும், கீழே இறங்கினால் திறக்கும். வாயில் ஓரிடத்தை அடைத்துவிட்டு இந்தத் திரையை இறக்கினால் பிறப்பதுதான் மெல்லினம்.

‘அம்பு’ என்று மெதுவாகச் சொல்லிப் பார். ‘ம்’ முடிந்து ‘பு’ தொடங்கும் இடத்தில் உதடு அசையவே இல்லை, கவனித்தாயா? உள்ளே திரை மட்டும் ஏறுகிறது. ம-வுக்கும் ப-வுக்கும் உதட்டின் வேலை ஒன்றே.

என் பேச்சுப் பயிற்சி அறையில் மேசைமேல் எப்போதும் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அண்ணப் பிளவோடு பிறந்த பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்குத் திரை முழுதாக எட்டி அடைக்காது. ‘பாப்பா’ என்று சொல்ல நினைத்தாலும் ‘மாம்மா’ மாதிரிதான் வரும். மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்தால் ஆவி படிந்து மங்கிவிடும். அறுவை சிகிச்சை முடிந்து சில மாதம் பயிற்சி எடுத்த ஒரு பையன் போன வாரம் ‘பாப்பா’ என்றான். கண்ணாடி மங்கவில்லை. அவன் அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை வருஷமானாலும் இந்தக் காட்சி எனக்குப் பழகவில்லை.

சளி பிடித்தால் இதற்கு நேர்மாறு. திரை இறங்கினாலும் மூக்கு அடைத்திருக்கும், ‘அம்மா’ என்பது ‘அப்பா’ பக்கம் சாய்ந்துவிடும். சளியே இல்லாமல் ஒரு மொழி முழுவதும் இப்படி மாறியிருக்கிறது என்றால் நம்புவாயா? அமெரிக்காவில் சியாட்டில் நகரம் இருக்கிற கடலோரத்தின் பழங்குடி மொழி லஷூட்சீட். அதில் பழைய ‘ம’ எல்லாம் ‘பம்பரம்’ என்பதன் இரண்டாவது ப போல ஆகிவிட்டது, ‘ன’ எல்லாம் ‘பந்து’ என்பதன் து-வில் கேட்கும் ஒலிபோல ஆகிவிட்டது. ஆங்கில வரைபடத்தில் ‘ஸ்னோஹோமிஷ்’ என்று இருக்கும் பெயரை அவர்கள் மொழியில் ஏறக்குறைய ‘ஸ்துஹுப்ஷ்’ என்பார்கள். பழைய மெல்லினம் ஆங்கிலப் பெயரில் தங்கிவிட்டது, சொந்த மொழியில் போய்விட்டது. பக்கத்திலேயே மக்கா, குவிலியூட் என்று இரண்டு மொழிகள். மூன்றும் மூன்று வெவ்வேறு குடும்பம். மூன்றிலும் மெல்லினம் இல்லை. உலகத்தில் இப்படிப்பட்ட மொழிகள் மிகமிக அபூர்வம். ஏறக்குறைய எல்லா மொழிக்கும் ஒரு ம-வோ ன-வோ உண்டு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். திரை எல்லா மெல்லினத்துக்கும் பொது. வாயில் எங்கே அடைக்கிறோம் என்பதுதான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது. ‘பங்கு’ என்று தொடங்கி, கு வருவதற்குமுன் நிறுத்து. நாக்கின் அடிப்பகுதி பின்னால் மெல்லண்ணத்தில் ஒட்டியிருக்கும். ‘பஞ்சு’ என்று தொடங்கி நிறுத்து. நடுநாக்கு மேலே படர்ந்திருக்கும். ‘பண்டம்’ என்றால் நுனி பின்னால் மடங்கி நிற்கும். இப்போது ‘பந்து’. நாக்கு நுனி எங்கே? பல்லில். கடைசியாக, பேச்சில் சொல்வதுபோல் ‘கன்னு’ என்று சொல்லாமல் புத்தகத்தில் இருப்பதுபோல் ‘கன்று’ என்று சொல், று வருமுன் நிறுத்து. நுனி பல்லை விட்டு மேலே போய் ஈறு மேட்டில் நிற்கிறதா? அந்த இரண்டு இடமும்தான் ந-வும் ன-வும். தகரத்தின் கூட்டாளி ந, றகரத்தின் கூட்டாளி ன. தந்நகரம், றன்னகரம் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் நாக்கு நிற்கும் இடத்தைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள். ‘மரம்’ என்பதோடு ‘கள்’ சேர்ந்தால் ‘மரங்கள்’ ஆவதும் இந்தக் கணக்குதான். அடுத்து வரும் க-வுக்கு நாக்கு முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஆக, பந்திலும் கன்றிலும் நீ சரியாகவே சொல்கிறாய். வித்தியாசம் மறைவது த-வோ ற-வோ பக்கத்தில் இல்லாதபோதுதான். ‘எந்நாடு’ என்றால் எந்த நாடு. ‘என்னாடு’ என்றால் என் நாடு. இன்று நம் காதுக்கு இரண்டும் ஒன்று, தாளில்தான் வேறு.

ஆனால் இங்கிருந்து எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டிப் போய்ப் பார். மலையாளத்தில் ‘வந்து’ என்பதன் த மெலிந்து ‘வந்நு’ ஆகியிருக்கிறது. ‘ஒன்று’ என்பதன் ற மெலிந்து ‘ஒன்னு’ ஆகியிருக்கிறது. முதலாவதைப் பல்லில் தொட்டும் இரண்டாவதை ஈறு மேட்டில் தொட்டும் அவர்கள் இன்றைக்கும் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார்கள். எல்லைக்கு அப்பாலிருந்து என்னிடம் வரும் தாய்மார் பேசும்போது நான் அவர்கள் உதட்டுக்கு நடுவே நாக்கு நுனியைத் தேடுவேன். வேடிக்கை என்னவென்றால், மலையாள எழுத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். அவர்களிடம் இரண்டு ஒலியும் ஒரு எழுத்தும், நம்மிடம் இரண்டு எழுத்தும் பாதி இடங்களில் ஒரே ஒலியும். அவர்கள் சொல்லும் இந்த வித்தியாசத்தைப் பிசகாமல் எழுதிவைக்க நம் எழுத்து போதும் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கஞ்சி அங்கே ‘கஞ்ஞி’, தேங்காய் ‘தேங்ங’. நாம் ங-வைத் தனியாகச் சொல்லத் தடுமாறுகிறோம், அவர்கள் அதை இரட்டித்துச் சாப்பாட்டோடு சொல்கிறார்கள். வியட்நாமில் மிகப் பரவலான குடும்பப் பெயர் ‘ஙுயென்’, ங-விலேயே தொடங்குகிறது.

மலையாளத்தில் மெல்லினத்துக்கு ஆறு இடம் என்றால், ஆஸ்திரேலியாவின் வடக்கே கார்பென்டேரியா வளைகுடாப் பக்கம் பேசப்படும் யன்யுவா மொழியில் ஏழு. கானாவின் தக்பானி மொழியில் உதட்டையும் பின்நாக்கையும் ஒரே நேரத்தில் மூடி, ங-வையும் ம-வையும் ஒன்றாகச் சொல்வார்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால் தப்பு. பர்மிய மொழியில் இடம் மட்டும் போதாது, குரலும் கணக்கு. ‘மா’ என்றால் கெட்டியானது. குரல் கொடுக்காமல் மூக்கால் காற்றை மட்டும் விட்டு ‘ஹ்மா’ என்று தொடங்கினால், வேண்டியதைக் கேட்டுத் தருவிப்பது. வெல்ஷ் மொழியிலும் இப்படிக் காற்று மெல்லினம் உண்டு. சிங்களத்தில் நீளம்தான் கணக்கு. ‘கந்த’ என்று ந்-ஐ முழுதாகச் சொன்னால் மலை, திரையைக் கண நேரம் இறக்கி உடனே ஏற்றி அதே சொல்லைச் சொன்னால் அடிமரம்.

‘செந்நீர்’ விஷயத்துக்கு ஒரே ஒரு வழி சொல்கிறேன். சொல்லைப் பிரித்துப் பார். நீர் என்பது ந-வில் தொடங்குகிறது, அது தன் முன்னால் இருக்கும் மெய்யையும் தன்னைப் போலவே ஆக்கிக்கொண்டது. ‘முந்நூறு’, ‘வெந்நீர்’ எல்லாம் அப்படித்தான். எழுதும்போது நாக்கைப் பல்லில் வைத்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுது.

முழுப் பரீட்சை விடுமுறைக்கு இங்கே வருவாயல்லவா? களியக்காவிளைச் சந்தைக்குக் கூட்டிப் போகிறேன். ‘வந்நு’, ‘ஒன்னு’ இரண்டையும் காது கொடுத்துக் கேள். அதுவரை அம்மாவின் பவுடர்க் கண்ணாடியை மூக்கடியில் வைத்து, எந்தெந்தச் சொல்லுக்கு மங்குகிறது என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்பு. ‘மரம்’ என்ற சொல்லைப் பேச்சில் சொல்வதுபோல் சொல்லிப் பார்க்க மறக்காதே. கடைசியில் உதடு ஒட்டுகிறதா இல்லையா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அத்தை.