எண்ணூரைப் படிக்க எந்த வகுப்புக்குப் போவது?

விருப்பப் பாடம் எடுக்கும் நேரத்தில் நகரமைப்பு மாணவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே: "சார், எதுல மார்க் நல்லா வரும்?" களத்தை முதலில் முடிவு செய்யுங்கள், பாடத்தை அது சொல்லும் என்பேன். முகம் சுருங்கும்.

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையை அரிக்கிறது. நிலப்பயன்பாட்டு வரைபடத்தை மட்டும் பார்த்தால் அது ஏதோ சாலைப் பிரச்சினை. கடலோரப் பொறியியல் வகுப்பில் ஒரு பருவம் உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கணக்கு பிடிபட்டது. ஆண்டின் பெரும்பகுதி வடக்கே நகரும் மணலைச் சென்னைத் துறைமுகச் சுவர்கள் மறித்தன. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை கரைந்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு போட்டார்கள். வளைவு பிடித்துவைக்கும் மணல் அதற்கு வடக்கேயுள்ள குப்பத்துக்குப் போகாது. படகு ஏற்றிவைக்க இடமிழப்பது யார்? இதற்குப் பொறியியலில் விடை கிடையாது. சமூகவியல் துறைக்கு நடக்க வேண்டும். வலை பின்னுகிறவர்களிடமும் உட்கார வேண்டும்.

எண்ணூரில் உள்ள கொசஸ்தலையாற்றுக் கழிமுகம் உங்களைச் சட்டத்துக்கு இழுத்துப்போகும். 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் கழிமுகம் இருந்தது. பின்னர் வந்த வரைபடத்தில் இல்லை என்று 2017-இல் பெரிய சர்ச்சை எழுந்தது. வரைபடம் போடுவது நம் பிழைப்பு. அதில் எந்தக் கோடு சட்டப்படி செல்லும் என்று தெரியாமல் பட்டம் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. 1991, 2011, 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகளை அருகருகே வைத்துப் படியுங்கள்.

பொதுச் சுகாதாரத்தை யாரும் எடுப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் அந்தக் கழிமுகத்தில் பரவியது. அதே மாதக் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். தொழிற்பகுதிக்கு ஒரு நிறம், குடியிருப்புக்கு ஒரு நிறம் என்று தீட்டுகிறோமே, நடுவில் எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதை அந்த வகுப்பில்தான் கேட்க முடியும்.

வேறு துறைக்குப் போனால் கலைச்சொல்லை மனப்பாடம் செய்யாமல் ஒரு செய்முறையைக் கற்றுக்கொண்டு வாருங்கள்: அலைத் தரவை வாசிப்பது, வீடுவீடாக நோய்க் கணக்கெடுப்பது, ஒரு தீர்ப்பாய ஆணையைப் பிரித்துப் படிப்பது. பருவ இறுதிக் கட்டுரையை உங்கள் ஸ்டூடியோ பாடத்தின் களத்தைப் பற்றியே எழுத அனுமதி கேளுங்கள். ஒரே களப்பணி இரண்டுக்கும் ஆகும். கால அட்டவணை மோதும், அது எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உள்ள வியாதி. கிரெடிட் கிடைக்காவிட்டால் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க ஆசிரியரிடம் நேரில் அனுமதி கேட்டுப் பாருங்கள்.