ஒரே ஒரு முறை செய்யக்கூடிய சோதனை

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தைத் தவறாக அளந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஊசலை மீண்டும் ஆடவிட்டு மறுபடி அளப்பீர்கள். ஆனால், ஒரே ஒரு முறை மட்டும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அதுதான் அகழ்வாய்வு. தோண்டிய மண்ணைப் பழையபடி அடுக்கி வைக்க எவராலும் இயலாது.

இந்தப் பொறுப்பைக் களத்தில் கற்பதற்காகவே தொல்லியல் மாணவர்கள் பிற நாடுகளுக்கும் செல்கிறார்கள். அவ்வாறு பல நாட்டினர் கூடித் தோண்டும் இடங்களுள் ஒன்று, வட இங்கிலாந்திலுள்ள விண்டோலாண்டா. ஏறத்தாழ கி.பி. 85-இல் ரோமானியர் அங்கே மரத்தாலான கோட்டை ஒன்றைக் கட்டினர். பின்னர் அதை இடித்து, களிமண்ணையும் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளையும் பரப்பி, அதன்மேல் வேறொரு கோட்டை எழுப்பினர். இப்படியே பல கோட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன.

அடுக்கே கடிகாரம்

கலைக்கப்படாத மண்ணில் கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. ஆகவே மாணவர் சிறு கரணையால் மண்ணை மெல்லச் சுரண்டுவார். நிறமோ தன்மையோ மாறினால் நிறுத்தி, அளந்து, வரைந்து, குறித்துக்கொள்வார். ஓர் அடுக்கினுள் நாணயம் கிடைத்தால், அந்த அடுக்கு நாணயம் வார்க்கப்பட்ட ஆண்டுக்கு முன் உருவாகியிருக்க முடியாது. எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்புத் தொலைந்தால், காலம் சொல்லும் சான்று வெறும் உலோகத் துண்டாகிவிடும்.

மரச்சீவலா, மடலா?

1973-இல் ராபின் பெர்லி என்ற தொல்லியலாளர் அங்கே ஒட்டிக்கிடந்த மெல்லிய மரச்சீவல்களைக் கண்டெடுத்தார். பிரித்துப் பார்த்தால், உள்ளே மையெழுத்து! ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் அவை மக்காதது எப்படி? மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைகளும் பெரும்பாலான பாக்டீரியாக்களும் வாழ ஆக்சிஜன் தேவை. களிமண்ணுக்கு அடியில், நீர் ஊறிய அடுக்கில், அது கிட்டவில்லை.

ஆனால் வெளியே எடுத்ததும் எழுத்து மங்கி மறைந்தது. கறுத்த மரத்தில் கரிய மை கண்ணுக்குத் தெரியவில்லை. இங்கே இயற்பியல் கைகொடுத்தது. நம் கண் ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள ஒளியையே காண்கிறது. அதற்கு அப்பால் இருப்பது அகச்சிவப்புக் கதிர். மையிலுள்ள கரி அதை உட்கவர்கிறது; மரமோ பெருமளவு எதிரொளிக்கிறது. எனவே அகச்சிவப்புப் படத்தில் வெளிறிய மரத்தின்மீது எழுத்துகள் கறுப்பாகத் தெளிந்தன.

இத்தகைய மடல்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. ஏறத்தாழ கி.பி. 100-இல் கிளாடியா செவெரா என்ற பெண் தன் பிறந்தநாளுக்குத் தோழியை அழைத்து அனுப்பிய மடலும் அவற்றுள் ஒன்று. அதன் இறுதியில் அவளே தன் கையால் சில வரிகள் எழுதியிருக்கிறாள். தோண்டியவர் அதை வெறும் மரச்சீவல் என்று மண்ணோடு வாரிக் கொட்டியிருந்தால், எந்தக் கதிராலும் அவள் குரலை மீட்டிருக்க முடியாது. கருவியின் திறமைக்கு முன்னால், தோண்டுபவரின் கவனம் தேவைப்படுகிறது.

நீங்களும் ஆராயுங்கள்

பழைய வேலியின் மரக்கம்பம் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். ஆழத்தில் புதைந்த நுனியைவிடத் தரைமட்டத்தை ஒட்டிய பகுதியே பெரும்பாலும் அதிகம் மக்கியிருக்கும். காரணம் என்ன? விண்டோலாண்டாவின் மண்ணை நினைத்து விடை காணுங்கள். பார்த்ததை உடனே குறிப்பேட்டில் எழுதவும் மறவாதீர்கள்!