தாலி இல்லை, பத்திரமும் இல்லை: பிரிந்தால் என்ன உரிமை?



போன மாதக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பத்து வருஷமா ஒண்ணா இருந்தோம். தாலி கட்டல, ரிஜிஸ்டரும் பண்ணல. குழுவுல கடன் வாங்கி மனைக்குப் பணம் குடுத்தது நான். பத்திரம் அவர் பேருல. இப்ப வெளிய போங்கறார். எனக்கு ஒண்ணும் கிடையாதா?" சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அது தப்பு. அதனால் இந்த மாதப் பாடமே இதுதான்.

முதலில் கசப்பான செய்தி. பிரிந்தால் சொத்தில் பாதி என்ற சட்டம் தமிழ்நாட்டில் தாலி கட்டிய மனைவிக்கே கிடையாது. "பணம் நான் போட்டேன், மனை என்னுது" என்று கேட்டால் 1988-ஆம் வருஷத்துப் பினாமி சட்டம் பெரும்பாலும் குறுக்கே நிற்கும். கடனாகக் கொடுத்தோம் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு அத்தாட்சி வேண்டும், பொதுவாக 3 வருஷக் கெடுவும் உண்டு.

ஆனால் வீட்டைவிட்டு அப்படியே துரத்த முடியாது. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் 'திருமணம் போன்ற உறவில்' இருந்த பெண்ணுக்கும் பொருந்தும். அடித்தால்தான் வன்முறை என்று இல்லை. செலவுக்குப் பணம் தராததும், குடியிருந்த வீட்டுக்குள் விடாததும் வன்முறைதான். அந்த வீட்டில் தங்கவும், ஜீவனாம்சமும் நஷ்டஈடும் பெறவும், நம் நகை, சாமான்களைத் திரும்ப வாங்கவும் மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: தங்கும் உரிமை வேறு, சொந்த உரிமை வேறு.

எல்லா உறவும் இதில் வராது. கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: இருவரும் கல்யாண வயது வந்தவர்களாக, வேறு துணை இல்லாதவர்களாக, ஊர் அறியக் கணவன் மனைவி போல கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு என்று தெரிந்தே வாழ்ந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2013-ல் தீர்ப்பு வந்தது. கஷ்டப்படும் பெண்ணுக்கு இது பெரிய அடி என்பதே நம் எண்ணம். ஆனாலும் பிள்ளைக்கு அப்பா ஜீவனாம்சம் கொடுத்தே ஆகவேண்டும், அதில் தாலிப் பேச்சே இல்லை.

இன்னொன்று. நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தால் கல்யாணம் நடந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்று எல்லாம் அதற்குச் சாட்சி. நகல் எடுத்து அம்மா வீட்டிலோ ஊக்குநரிடமோ வையுங்கள். பீரோ சாவி அவரிடம் இருக்கலாம்.

இனி மனைக்குக் கடன் கேட்டால், பத்திரம் யார் பேரில் என்று குழு கேட்கட்டும். கூட்டுப் பேரில் பதிவு செய்யலாமே.

புகார் கொடுக்க மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181-க்கும் போன் போடலாம். கோர்ட் வளாகத்து சட்ட உதவி மையத்தில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

கேள்வி கேட்ட உறுப்பினரின் கடன் 'மனை வாங்க' என்றே நம் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தையும் அவருடைய பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு வரும் திங்கட்கிழமை ஊக்குநரும் பிரதிநிதியும் அவரோடு போகிறார்கள்.