விருந்தாளி டீச்சரோடு ஊர் சுற்ற

ஃபுல்பிரைட் திட்டத்தில் மலேசியப் பள்ளிகளுக்கு வரும் அமெரிக்க ஆங்கில உதவி ஆசிரியர்கள், லீவு விட்டால் கோலாலம்பூருக்கு வரப் பார்ப்பார்கள். தெரிந்தவர் யாராவது வந்தால்:

முதலில் நாளைக் கேளுங்கள். திரெங்கானு, கிளந்தான், கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறன்று அவருக்குப் பள்ளி இருக்கும்.

ரயிலுக்கு டச் அண்ட் கோ அட்டை போதும்.

பத்துமலைக்குக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து நேரடி கொமுட்டர் ரயில் உண்டு. 272 படி, வெயில் ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கும். முழங்காலை மறைக்கும் உடை வேண்டும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். உள்ளே பழமா, பாஸ்போர்ட்டா என்றெல்லாம் குரங்கு பார்க்காது.

மதியம் பிரிக்பீல்ட்ஸ். நூ சென்ட்ரல் மால் வழியாக மோனோரயில் பக்கம் வெளியேறினால் துன் சம்பந்தன் சாலை. வாழையிலைச் சாப்பாட்டில் ரசத்தைத் தனி டம்ளரில் கேளுங்கள். இலையில் ஊற்றினால் புதியவர் மடிக்குத்தான் ஓடும். சாப்பிட்டதும் இலையைத் தம் பக்கமாக மடிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

கிள்ளானையும் அதே நாளில் திணிப்பது வீண் அலைச்சல். போர்ட் கிள்ளான் கொமுட்டருக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். வேறொரு நாள் போனால், கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து தெங்கு கிளானா சாலைக்கு நடந்தே போகலாம். சேலை, பூ, முறுக்கு எல்லாம் அங்கேதான். தீபாவளிக்கு முந்தின வாரம் கூட்டம் நெரியும், ஆனால் களையும் அப்போதுதான். கடைக்குள் நுழையுமுன் திரும்பும் ரயிலின் நேரத்தைப் பார்த்துவையுங்கள். தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.