இருளில் நடப்பவனின் இயற்பியல்

இரவில் பிறர் கண்ணில் படாமல் ஓரிடத்திற்குப் போய்வர வேண்டுமானால் ஒருவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? பத்துப்பாட்டில் ஒன்றாகிய மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரையின் நள்ளிரவைச் சொல்லும்போது கள்வர்களையும் காட்டுகிறார். அவர்கள் உடுத்தியிருப்பது இருளோடு இருளாகும் நிறமுடைய உடை. காலில் தோற்செருப்பு. இடையில் மெல்லிய நூலேணியைச் சுற்றியிருக்கிறார்கள். அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலர்களோ களவு நூலையே கற்றுத் தேர்ந்தவர்கள். உடை ஒளியைப் பற்றியது. செருப்பு ஒலியைப் பற்றியது என்று கொள்ளலாம். ஏணி புவியீர்ப்பைப் பற்றியது. ஆக, மூன்று பாடங்கள்.

இதே மூன்று பாடங்களை வைத்து ஒரு வீடியோ விளையாட்டு செய்யப்பட்டது. எங்கள் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளிவந்த அதே 1998ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்த லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனம் ‘தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அக்காலத்து விளையாட்டுகளில் பெரும்பாலானவை சுடுவதும் வெட்டுவதுமாக இருந்தன. இதில் வரும் காரெட் என்னும் திருடன் இரண்டு காவலர்களோடு ஒரே நேரத்தில் மோதினால் பெரும்பாலும் பிழைக்க மாட்டான். எனவே மறைந்துதான் நடக்க வேண்டும். மறைவதற்கு என்ன விதி? அதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

திரையின் அடியில் ஒரு சிறு மணி இருக்கும். காரெட் விளக்கருகே நின்றால் அது ஒளிரும். நிழலுக்குப் போனால் கறுத்துவிடும். அதாவது, அவன்மீது விழும் ஒளியின் அளவைக் காட்டும் ஒளிமானி அது. ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். சுவரில் எரியும் ஒரு சிறு தீப்பந்தத்திலிருந்து 1 மீட்டரில் ஒளி 1 பங்கு என்றால், 2 மீட்டரில் கால் பங்கு, 3 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. முதல் இரண்டு அடிகளில் கிடைக்கும் இலாபம் அடுத்த பத்து அடிகளில் கிடைப்பதில்லை. திருடனுக்கு இந்தக் கணக்கு தெரிந்தே ஆக வேண்டும்!

தீப்பந்தத்தையே அணைத்துவிட்டால்? அதற்கு நீர் நிரம்பிய அம்பு ஒன்று உண்டு. 1 கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 2,260 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது; அவ்வளவையும் சுடரிடமிருந்து பறிப்பதால் தீ அணைகிறது. மின்விளக்கின்மேல் அதே அம்பை எய்தால் ஒன்றும் நடவாது. எரிதல் நிகழாத இடத்தில் அணைப்பது எங்ஙனம்?

இனி, காவலனின் கண். விளையாட்டின் நிரலை எழுதியவர்களில் ஒருவரான டாம் லியோனார்ட் இதைப் பின்னாளில் விரிவாக விளக்கியிருக்கிறார். காவலனின் தலையிலிருந்து பல கூம்புகள் புறப்படுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நேர் எதிரே நீண்ட ஒடுங்கிய கூம்பு. அதைச் சுற்றிக் குட்டையான அகன்ற கூம்புகள். காரெட் எந்தக் கூம்பில் இருக்கிறான், அவன்மேல் எவ்வளவு ஒளி, நகர்கிறானா நிற்கிறானா என்பவற்றைச் சேர்த்துப் பார்த்துக் கணிப்பொறி காவலனின் ஐயத்தைப் படிப்படியாக உயர்த்துகிறது. முதற்படியில் அவன் “யாரது?” என்று முணுமுணுப்பான். அடுத்த படியில் தேடத் தொடங்குவான். அதற்கும் மேலே போனால் வாளை உருவிக்கொண்டு ஓடிவருவான். ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள் இல்லாமல் இடையில் ‘இருக்கலாம்’ என்பதற்கும் இடம் வைத்தது மிக நல்ல யோசனை.

ஆனால் உண்மையான கண் இன்னும் விசித்திரமானது. விழித்திரையின் நடுக்குழியில் குச்சி செல்கள் இல்லை. மங்கிய ஒளியில் வேலை செய்பவை அவையே. எனவே இருட்டில் மங்கலான ஒரு பொருளை நேராகப் பார்ப்பதைவிடச் சற்று ஒதுங்கிப் பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். மங்கலான விண்மீன் ஒன்றைப் பார்த்து இன்றிரவே சோதித்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் கூம்பு இதற்கு நேர்மாறானது. மேலும், கறுத்த உடையோடு இருட்டில் நிற்பவனுக்குப் பின்னால் வெளிச்சமான சுவர் இருந்தால் அவன் நிழலுருவமாகத் தெரிந்துவிடுவான். அந்த மணிக்குப் பின்னணியைப் பற்றிய கவலை கிடையாது.

ஒலிப் பாடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. புல்லிலும் கம்பளத்திலும் நடந்தால் ஓசை சிறிது. ஓட்டுத் தரையில் பெரிது. இரும்புத் தகட்டில் மிகப் பெரிது. ஏன்? இறங்கி வரும் காலின் உந்தம் தரையில் சுழியாக வேண்டும். உந்தமாற்றம் என்பது விசை, நேரம் ஆகியவற்றின் பெருக்கம். கம்பளம் அமுங்கிக் கொடுப்பதால் நேரம் கூடுகிறது, விசை குறைகிறது. ஓட்டுத் தரை அமுங்காது. இரும்புத் தகடோ அமுங்காதது மட்டுமன்றித் தானும் அதிர்ந்து, தன் பரப்பு முழுவதாலும் காற்றைத் தள்ளுகிறது. கோயில் மணியை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு அடித்தால் ஓசை அடங்கிவிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தகட்டைப் பிடித்துக்கொள்ளத்தான் யாரும் இல்லை.

திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலிமட்டம் சுமார் 6 டெசிபெல் குறையும். கட்டடத்துக்குள் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. சுவரைத் தாண்டி ஒலி வர வேண்டுமானால் கதவு வழியாகவோ கூடத்தின் வழியாகவோ சுற்றித்தான் பெரும்பகுதியும் வர வேண்டும். 1998ஆம் ஆண்டின் விளையாட்டு இதைப் பின்பற்றியது. அறைகளையும் வாசல்களையும் ஒரு வலைப்பின்னலாக வைத்துக்கொண்டு, ஒலி அந்த வழியே எவ்வளவு தூரம் நடந்து வருகிறது என்று கணக்கிட்டது. அக்காலக் கணிப்பொறிகளின் வேகத்தில் இதைச் செய்தது பாராட்டத்தக்கது.

2000ஆம் ஆண்டில் இரண்டாம் பாகம் வந்தது. அதே ஆண்டில் லுக்கிங் கிளாஸ் மூடப்பட்டது. 2004இல் வேறொரு நிறுவனம் மூன்றாம் பாகத்தைச் செய்தது. பிறகு பத்தாண்டு மௌனம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்திய 2014ஆம் ஆண்டின் பிப்ரவரியில், கனடாவின் ஐடோஸ் மான்ட்ரியல் நிறுவனம் செய்து, ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்ட ‘தீஃப்’ வந்தது. இது பழைய கதையின் தொடர்ச்சி அன்று. பெயரையும் நாயகனையும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் புதிதாகத் தொடங்கினார்கள்.

இருளும் மழையும் நனைந்த கல்தெருவும் மிக அழகாக வரையப்பட்டிருந்தன. விமரிசகர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். கூண்டுப் பறவை, நாய் ஆகியவற்றின் அருகே வேகமாகப் போனால் அவை ஓசையிட்டுக் காட்டிக்கொடுப்பதும், தரையில் உடைந்த கண்ணாடி கிடப்பதும் நல்ல சேர்க்கைகள். எதிரிகளை வீழ்த்தினால் அனுபவப் புள்ளி தரும் ஓர் ஏற்பாட்டை முதலில் வைத்திருந்து, மறைந்து நடப்பதுதானே இந்த ஆட்டம் என்று பழைய ரசிகர்கள் எதிர்த்ததால் வெளியீட்டுக்கு முன்பே கைவிட்டார்கள். இருந்தும் வரவேற்பு நடுத்தரமாகவே அமைந்தது. விமரிசனங்களைத் திரட்டிச் சராசரி காணும் மெட்டாகிரிட்டிக் கணக்கில் அது 100க்கு 70ஐ ஒட்டியே நின்றது. காவலர்கள் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள், குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம்ப முடியவில்லை என்று பலர் குறைகூறினார்கள். காதை நம்பி ஆட வேண்டிய விளையாட்டில் இது சிறு குறை அன்று.

என் பார்வையில் பெரிய குறை வேறொன்று. என் மாணவன் ஒருவன், சுங்குவார்சத்திரத்திலிருந்து வருபவன், ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கேட்டான்:

“சார், இந்தக் கயிற்றம்பு ஓர் உத்தரத்தில் குத்துகிறது, பக்கத்து உத்தரத்தில் குத்தவில்லை. இரண்டும் மரம்தானே?”

நூலேணியின் இடத்தில் இந்த விளையாட்டில் இருப்பது கயிற்றம்பு. பழைய ஆட்டத்தில் அது மரத்திலும் மண்ணிலும் குத்தி நிற்கும், கல்லில் பட்டுத் தெறிக்கும். எந்த மரமானாலும் சரி. ஆகவே வடிவமைத்தவர்களே எண்ணிப் பார்க்காத வழிகளையெல்லாம் ஆடுபவர்கள் கண்டுபிடித்தார்கள். புதியதில், வடிவமைப்பாளர் குறித்துவைத்த உத்தரங்களில் மட்டுமே குத்தும். குதிப்பதும் அப்படித்தான், அவர்கள் அனுமதித்த விளிம்பில்தான் காரெட் குதிப்பான். ஆப்பிள் பழம் தோட்டத்தில் மட்டும் விழுந்து, சமையலறையில் மிதந்தால் நியூட்டனுக்கு என்ன வேலை? விதி என்பது எல்லா மரத்துக்கும் ஒன்றாக இருந்தால்தான் அதைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல முடியும். “உன் கேள்வி விளையாட்டைப் பற்றியது அன்று, இயற்பியலைப் பற்றியது” என்றேன். அவன் அதை எவ்வளவு ஏற்றான் என்று தெரியவில்லை. ஆட்டத்தை என்னவோ முடித்துவிட்டான்.

அவனுடைய அண்ணன் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே ஓட்டுநர் இல்லாத வண்டிகள் பாகங்களைச் சுமந்து செல்கின்றனவாம். அவ்வகை வண்டிகளின் முன்புறத்திலிருந்து லேசர் கதிர் விசிறிபோல் வீசிக்கொண்டே இருக்கும். ஆள் தொலைவில் இருந்தால் வண்டி வேகத்தைக் குறைக்கும், நெருங்கினால் நின்றுவிடும். உள்ளே ஒரு பகுதி, வெளியே ஒரு பகுதி: காவலனின் கூம்புகளைத்தான் பார்க்கிறீர்கள். வேறுபாடு, இங்கே காணப்படாமல் போவதுதான் ஆபத்து. அழுத்து இயந்திரங்களின் முன்னே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களால் ஆன ஒளித்திரை இருக்கும். கை ஒரு கதிரை மறித்தாலும் இயந்திரம் நிற்க வேண்டும். சில இடத்தில் மட்டும் செல்லும் விதியை இங்கே எவரும் ஏற்க மாட்டார்கள்.

ஒரகடம் சாலையில் இரவு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சைக்கிளில் வருகிறவர்கள் நம்மில் பலர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி நொடிக்குச் சுமார் 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்றால் அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பிறகு நொடிக்கு நொடி 6 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், 22இன் இருமடியை 12ஆல் வகுக்க, இன்னும் 40 மீட்டர். ஆக, 73 மீட்டருக்கு முன்பே நீங்கள் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கருநீலச் சட்டை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது; எஞ்சியதையும் எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. மதுரைக்காஞ்சிக் கள்வர்களுக்கு வேண்டியதும் அதுவே. தொழிலாளர்களின் மேலங்கியில் உள்ள சாம்பல் நிறப் பட்டையிலோ நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். ஒளி ஒவ்வொரு மணிக்குள்ளும் விலகி, பின்புறத்தில் எதிரொளித்து, மீண்டும் விலகி, வந்த திசையிலேயே திரும்பிப் போகிறது.

வீட்டில் அத்தகைய மேலங்கி இருந்தால் இருட்டறையில் தொங்கவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். டார்ச் விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்தால் பட்டை பளீரென்று எரியும். அப்படியே கையை ஒரு முழம் பக்கவாட்டில் விலக்கி, அதே பட்டைமேல் அடித்துப் பாருங்கள். ஒளி அதே அளவுதான் விழுகிறது, பட்டை மங்கிவிடும்.