ஃபோர்க் குதிக்குதா? ஜவ்வாது மலை இறக்கத்துல ஒரு வைப்ரேஷன் பாடம்

போளூர்ல இருந்து மலைப்பாதை வளைவெல்லாம் மிதிச்சு ஜமுனாமரத்தூர் வந்தாச்சு. டீயும் குடிச்சாச்சு. தார் ரோட்டை விட்டு ஒரு மண்பாதை இறக்கத்துல சைக்கிளை விடுறீங்க. கொஞ்ச தூரத்துலயே ஹேண்டில்பார் மேலயும் கீழயும் ஆட ஆரம்பிக்குது. பிரேக் பிடிச்சா முன்டயர் மண்ணைப் பிடிக்க மாட்டேங்குது. "சஸ்பென்ஷன் ஃபோர்க் போட்ட சைக்கிள்தானே, அப்புறம் ஏன்?"

பதில் நம்ம வைப்ரேஷன் பாடத்துலயே இருக்கு.

ரெண்டு வேலை, ரெண்டு பாகம்

ஃபோர்க்கின் மேல்குழாய்கள் (ஸ்டான்ஷன்) கீழ்க்கால்களுக்குள்ள சறுக்கி இறங்கும். உள்ளே இருக்கற ஸ்பிரிங், கம்பிச் சுருளோ காற்றோ, அடியை வாங்கி ஆற்றலைச் சேமிக்கும். ஆனா சேமிச்சதை அப்படியே திருப்பியும் கொடுத்துடும். அந்த ஆற்றலை வெப்பமா மாத்திக் கரைக்கறது டாம்பர். சின்னத் துளைகள் வழியா எண்ணெய் நெருக்கிப் போகும்போது இது நடக்குது.

விலை குறைந்த பல ஃபோர்க்குகளில் ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கும், எண்ணெய் டாம்பர் இருக்காது. சிக்கலே அங்கதான்.

1990-ல் அமெரிக்காவின் துராங்கோவில் நடந்த உலக மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப்பில், கிரெக் ஹெர்போல்டு டவுன்ஹில் பட்டத்தை ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கோட ஜெயிச்சார். அந்தக் கால ஃபோர்க்கின் டிராவல் சுமார் 50 மி.மீ. தான். ஆனா உள்ளே எண்ணெய் டாம்பிங் இருந்தது. அதனால கடையில "100 மி.மீ. டிராவல்"னு சொன்னதும் மயங்காதீங்க. "ரீபவுண்ட் அட்ஜஸ்ட்மென்ட் இருக்கா?"னு கேளுங்க.

ஒரு சின்னக் கணக்கு

ஸ்டான்ஷன்ல ஒரு ஜிப் டை கட்டி, சீல் வரைக்கும் தள்ளி வைங்க. நண்பர் ஒருத்தர் சைக்கிளைப் பிடிச்சுக்கட்டும். ஓட்டுற நிலையில மெதுவா ஏறி உட்கார்ந்து, ஆட்டாம இறங்குங்க. ஜிப் டை நகர்ந்த தூரம்தான் சேக். 100 மி.மீ. ஃபோர்க்குக்கு 20 முதல் 25 மி.மீ. சரியான அளவு.

25 மி.மீ.னு வச்சுக்குவோம். கம்பிச் சுருளா இருந்து, பிரீலோட் இல்லாம இருந்தா, 9.8-ஐ 0.025-ஆல வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால வகுங்க. இயல் அதிர்வெண் சுமார் 3.15 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு மூணு ஆட்டம். இப்போ மணிக்கு 18 கி.மீ. வேகத்துல, அதாவது நொடிக்கு 5 மீட்டர், இறங்குறீங்க. பாதையில மேடுகள் 1.6 மீட்டருக்கு ஒண்ணா வந்தா? அதுவும் நொடிக்கு மூணு! ரெசனன்ஸ். டாம்பர் இல்லாட்டி ஒவ்வொரு மேடும் முந்தைய ஆட்டத்தோட சேர்ந்து பெருசாகும். டயர் தரையை விட்டு எழும்பற நேரத்துல பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வேலையே இல்ல.

அப்படி ஆடத் தொடங்கினா வளைவு வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க. ரீபவுண்ட் திருகு இருந்தா நடுவுல வச்சு ஆரம்பிச்சு, ஒவ்வொரு கிளிக்கா மாத்திப் பாருங்க. ரொம்ப இறுக்கினாலும் தப்பு: ஒரு மேட்டுக்கு அமுங்கின ஃபோர்க் நிமிர்றதுக்குள்ள அடுத்த மேடு வந்துடும். பிரீலோட் திருகு ஸ்பிரிங்கோட விறைப்பை மாத்தாது, சேக்கை மட்டும்தான் மாத்தும்.

பராமரிப்பு

மலை மண் சீல் ஓரத்துல ஒட்டி, உப்புத்தாள் மாதிரி ஸ்டான்ஷனைத் தேய்க்கும். கீறல் விழுந்தா எண்ணெய் கசியும்.

- ஒவ்வொரு ரைடுக்கும் அப்புறம் ஸ்டான்ஷனையும் சீல் ஓரத்தையும் சுத்தமான துணியால துடைங்க.
- வாட்டர் சர்வீஸ் பிரஷர் தண்ணி, மண்ணெண்ணெய், செயின் ஆயில் எதுவும் சீல் பக்கம் வேண்டாம்.
- காற்று ஃபோர்க்குக்கு ஷாக் பம்ப் மட்டும். கழட்டறதுக்கு முன்னாடி காற்றை முழுசா இறக்குங்க.
- முன்பிரேக்கைப் பிடிச்சு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்க. 'டக்'னு ஆட்டம் தெரிஞ்சா ஹெட்செட் அல்லது புஷ்ஷைப் பாருங்க.
- 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, புது எண்ணெய் விடறது ராக்‌ஷாக்ஸ் சொல்ற கணக்கு. தூசியில ஓட்டினா இன்னும் சீக்கிரம்.

அடுத்த தடவை மலைக்குக் கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி, ஹாஸ்டல் வராண்டாவுல ஒரு ஜிப் டையும் ஸ்கேலும் எடுத்து உட்காருங்க. பத்து நிமிஷம் போதும். உங்க ஃபோர்க் எந்த வேகத்துல குதிக்கும்னு இறக்கத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.