அன்னை தெரசாவுக்கும் வந்த வறட்சி

“ஜெபத்துல மனசு ஒட்டல. கடவுள் இருக்கிறதாவே தோணல” என்று ஒருவர் வாய்திறந்து சொன்னால், நம் ஆலயங்களில் அவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “விசுவாசம் குறைஞ்சுபோச்சு, இன்னும் ஊக்கமா ஜெபம் பண்ணுங்க” என்பதுதான். அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார். அந்தப் பதிலுக்குப் பின்னால் சில நம்பிக்கைகள் இருக்கின்றன. அவற்றைச் சரிபார்க்க, அன்னை தெரசா வாழ்ந்த கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரிந்து இல்லை.

நம்பிக்கை: உண்மையான விசுவாசிக்கு மனவெறுமை வராது.

1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளிலும் ஏழைகளிடம் போகும்படி இயேசு தன்னை அழைப்பதாக உணர்ந்தார் லொரேட்டோ சபைச் சகோதரி தெரசா. அதற்குப் பிந்தைய மாதங்களில் இயேசுவின் நெருக்கத்தை அவர் மிகத் துலக்கமாக அனுபவித்தார். 1948-ல் மடத்தைவிட்டு வெளியேறி, கொல்கத்தாவின் மோத்திஜீல் சேரியில் வேலையைத் தொடங்கினார். ஏறக்குறைய அந்தக் காலத்திலேயே அந்த நெருக்கம் அறுந்துபோனது. பத்தாண்டு கழித்து, 1958 அக்டோபரில், மறைந்த திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸுக்காக நடந்த திருப்பலியின்போது அது திரும்பி வந்தது. சில வாரங்களில் மறுபடி இருள். 1997 செப்டம்பர் 5-ல் அவர் இறக்கும்வரை அந்த இருள் விலகியதாகத் தெரியவில்லை.

இதை உலகம் அறிந்தது 2007-ல். புனிதர் பட்டத்துக்கான பணியை முன்னின்று நடத்திய அருட்தந்தை பிரையன் கொலோடிசுக், அன்னை தம் ஆன்ம குருக்களுக்கு எழுதிய கடிதங்களை ‘கம் பி மை லைட்’ என்ற நூலாக வெளியிட்டார். அவற்றை அழித்துவிடும்படி அன்னை கேட்டிருந்தார். பெற்றவர்கள் பலர் அழிக்கவில்லை. அந்தக் கடிதங்களில் தனிமை, வெறுமை, தான் கடவுளுக்கு வேண்டாதவள் என்ற உணர்வு எல்லாம் மறைக்கப்படாமல் இருக்கின்றன. 1979 டிசம்பரில் நோபல் பரிசு பெறுவதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பு எழுதிய கடிதத்திலும் அதே வெறுமைதான்.

நம்பிக்கை: அப்படியானால் அவர் நம்பிக்கை இழந்தவர், வெளியே நடித்தவர்.

நூல் வந்தபோது பலர் இப்படித்தான் வாதிட்டார்கள். எனக்கு இது ஏற்புடையதாகத் தெரியவில்லை. 1959-ல் அருட்தந்தை லாரன்ஸ் பிக்காச்சிக்கு அனுப்பிய கடிதத்தோடு, நேராக இயேசுவுக்கே எழுதிய ஒரு கடிதத்தையும் அவர் வைத்திருந்தார். நம்பிக்கை செத்தவர் இயேசுவிடம் போய் முறையிடமாட்டார். விடியற்காலை செபமும் திருப்பலியும் நின்றுவிடவில்லை. தம் புன்னகை உள்ளே இருப்பதை மூடும் போர்வை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் புன்னகையை நம்பி வீடுவாசலை விட்டு வந்த இளம் சகோதரிகள் அவருக்கு முன்னால் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கடவுளை உணர்வது வேறு, கடவுளோடு உறவில் நிலைப்பது வேறு. 16-ம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினின் சிலுவை யோவான் இந்த வறட்சியை ‘இருண்ட இரவு’ என்று விவரித்தார். இன்றைய உளவியலில் கென்னத் பார்கமென்ட் போன்றவர்கள் இதைச் சமயப் போராட்டம் என்ற தலைப்பில் ஆராய்கிறார்கள். அவரும் சகாக்களும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு, உடல்நலம் குன்றிய சுமார் 600 முதியவர்களை இரண்டாண்டு பின்தொடர்ந்தது. கடவுள் தன்னைக் கைவிட்டாரோ என்று தவித்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. நோயின் கடுமையைக் கணக்கில் எடுத்தபிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. தவிப்புதான் காரணம் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் அப்படித் தவிப்பவரை அதட்டி அனுப்புவது எவ்வளவு ஆபத்து என்பதை இது காட்டுகிறது.

நம்பிக்கை: இன்னும் ஊக்கமாக ஜெபித்தால் சரியாகிவிடும்.

அன்னையைவிட ஊக்கமாக ஜெபித்தவர் யார்? அவருக்கு உதவியது ஒரு மனிதர் காதுகொடுத்துக் கேட்டதுதான். 1961-ல் ஆஸ்திரிய இயேசு சபை இறையியலாளர் ஜோசப் நாய்னரிடம் அவர் மனம் திறந்தார். நாய்னர் அவர்மீது குற்றம் காணவில்லை. இது உங்கள் பாவத்தால் வந்ததல்ல, உணராததால் இயேசு இல்லையென்று ஆகாது, அவருக்காக இப்படி ஏங்குவதே அவர் உங்களுக்குள் இருப்பதன் அடையாளம் என்ற பொருளில் பதில் சொன்னார். இருள் போகவில்லை. ஆனால் அதன்பிறகு அன்னை அதைத் தம் பணியின் பகுதியாக ஏற்றுக்கொண்டார், அதை நேசிக்கத் தொடங்கியதாகக்கூட எழுதினார். பேராயர் பெரியர், அருட்தந்தையர் வான் எக்செம், பிக்காச்சி என்று சிலரேனும் பல ஆண்டுகள் அவர் சொல்லக் கேட்டிருந்தார்கள். சாதாரண விசுவாசிக்கு அப்படி ஒரு ஆளும் கிடைப்பதில்லை என்பதுதான் என் பெரிய கவலை.

நம்பிக்கை: தூக்கமில்லையா, பிசாசின் வேலை.

அன்னையின் கடைசிக் காலத்தில், மருத்துவமனையில் அவர் இரவில் தூக்கமின்றித் தவித்தபோது, ஒரு குருவைக் கொண்டு பேயோட்டும் செபம் சொல்லவைத்ததாகக் கொல்கத்தா பேராயர் ஹென்றி டிசூசா 2001-ல் தெரிவித்தார். இதை ஆதாரமாகக் காட்டுவோர் ஒன்றை மறக்கிறார்கள்: அன்னை அப்போது மருத்துவமனையில், மருத்துவர்களின் கவனிப்பில் இருந்தார். செபத்துக்காக யாரும் சிகிச்சையை நிறுத்தவில்லை.

நம்பிக்கை: எல்லாச் சோர்வும் ‘இருண்ட இரவு’தான், மருத்துவர் தேவையில்லை.

அன்னையின் கதையைக் கேட்டவர்கள் விழக்கூடிய எதிர்ப்பக்கத்துக் குழி இது. இறந்துபோனவருக்கு நோய்ப்பெயர் சூட்ட யாராலும் முடியாது. ஆனால் இருளிலேயே அவர் உழைத்தார், பிறர் துயரத்தில் கரைந்தார். 1997-ல் அவர் சபை 123 நாடுகளில் இருந்தது. மனச்சோர்வு நோய் பலரை அப்படி இயங்கவிடாது. இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்துக் கிடப்பது, எதிலும் ஆர்வமின்மை, தூக்கமும் பசியும் கெடுவது, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை தெரிந்தால் அது சிகிச்சைக்குரிய நோயாக இருக்கலாம். ஆன்ம வறட்சியும் நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம் என்று எழுதினார் உளநல மருத்துவர் ஜெரால்ட் மே. ஆகவே ஆன்ம குருவையும் மருத்துவரையும் பார்ப்பதில் முரண் ஒன்றுமில்லை.

மனமருத்துவம் கொல்கத்தாவுக்கு அந்நியமும் அல்ல. கிரீந்திரசேகர் போஸ் 1922-லேயே அங்கே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1940-ல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை வந்தது. இன்று எந்த ஊரிலிருந்தும் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், வங்காளத்திலும் பேசலாம்.